சியெனாவில் பத்து மணி

பிரெஞ்சு பேசும் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் ஆறு மாடிக் குடியிருப்பு ஒன்றைப் பராமரிப்பவர் அருமைராசா. குழாய் சொட்டுகிறது என்று அவரிடம் சொன்னால், மழை எப்படிப் பெய்கிறது என்பதிலிருந்து தொடங்குவார் என்று பங்குக் கோவில் சனம் பகிடி பண்ணும். அவர் கோபித்ததில்லை. சொட்டுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது, அதைத் தெரிந்துகொண்டால் எவ்வளவு சந்தோசம் என்பது அவருடைய எண்ணம்.

மாசி மாதத்தில், இத்தாலி யாத்திரைக்கான கூட்டம் கோவில் மண்டபத்தில் நடந்தது. பதினான்கு பேர். உரோமை, அசிசி, பதுவை எல்லாம் முடிவாகிவிட்ட பிறகு அருமைராசா கையைத் தூக்கினார்.

"அரை நாள் சியெனாவுக்கும் போவம்."

"அங்க ஆர் இருக்கினம்?" என்று கேட்டார் பிலோமினம்மா. யாத்திரையின் பொறுப்பு அவரிடம்தான்.

"புனித கத்தரீனம்மா பிறந்த ஊர், அம்மா."

பிலோமினம்மாவுக்கு அது போதும். மற்றவர்களுக்கு, புளோரன்சில் தோற்பைக் கடைகளுக்கென்று ஒதுக்கியிருந்த அரை நாள் பறிபோனது. "நல்லா இல்லையெண்டால் அண்ணை, நத்தார் வரைக்கும் உங்களைச் சும்மா விடமாட்டம்" என்றார் அன்டன். பஸ் ஓட்டுபவர், சொன்னால் செய்யக்கூடியவர்.

உண்மையில் அருமைராசாவின் மனம் கத்தரீனம்மாவிடம் இல்லை. சியெனா குன்றின்மேல் இருக்கும் ஊர். பக்கத்தில் ஆறு கிடையாது. அதனால் நடுக்காலத்து மனிதர்கள் ஊருக்கடியில் இருபத்தைந்து கிலோமீற்றர் சுரங்கம் வெட்டி, பாறையில் கசியும் நீரைச் சேர்த்து ஊற்றுகளுக்குக் கொண்டுவந்தார்கள். ஆயிரம் மீற்றருக்கு ஒரு மீற்றர்தான் சரிவு. தன் கட்டடத்தின் கழிவுக் குழாய்க்கு அடிக்குக் கால் அங்குலம் சரிவு வைக்கவே அருமைராசா மட்டக்கோலும் கையுமாக நிலத்தில் படுத்துக் கிடப்பார். அவர்கள் இருட்டில், விளக்கொளியில், அதைவிடப் பல மடங்கு மெல்லிய சரிவைப் பிடித்திருக்கிறார்கள். அதை ஒரு தடவையாவது கண்ணால் பார்க்கவேண்டும்.

சுரங்கத்துக்குள் சிறு குழுக்களைத்தான் விடுவார்கள். மூன்று மாதத்துக்கு முன்பே பிரெஞ்சு பேசும் வழிகாட்டியோடு பதிவு செய்தார். காலை பத்து மணி, பெரிய சதுக்கத்தில். பிந்தினால் வழிகாட்டி காத்திருக்கமாட்டார், வேறு நாளும் இல்லை.

அங்கேதான் பயம். கலியாண அட்டையில் ஐந்து மணி என்று போட்டால் ஆறு மணிக்கு வரும் சனம் இது. ஆகவே அருமைராசா ஒன்று செய்தார். பிலோமினம்மாவிடம் ஒன்பதரை என்று சொல்லிவைத்தார்.

வைகாசியில் ஒரு புதன்கிழமை, மதிலுக்கு வெளியே பஸ்ஸை விட்டு இறங்கி, நகரும் படிகளில் மேலே ஏறி, ஒடுங்கிய தெருக்கள் வழியாகச் சியெனாவின் பெரிய சதுக்கத்துக்கு அவர்கள் வந்து சேர்ந்தபோது நேரம் எட்டு முப்பது.

வானம் மூடிக் கிடந்தது. கடைகள் பூட்டு. ஒருவர் தெரு கூட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன அண்ணை, ஊரே நித்திரை?" என்றார் அன்டன்.

அருமைராசா பிலோமினம்மாவைப் பார்த்தார். "பயணக் கடதாசியில எத்தினை மணியெண்டு அடிச்சனீங்கள்?"

"ஒன்பது. நீர் ஒன்பதரை எண்டனீர், எங்கட ஆக்களை எனக்குத் தெரியாதே? அரை மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளினனான்."

"நான் இன்னும் அரை மணித்தியாலம் முந்தித்தான் விடுதிக் கதவெல்லாம் தட்டினனான்" என்றார் அன்டன், கொஞ்சம் மெல்லமாக.

எல்லோரும் அருமைராசாவின் பக்கம் திரும்பினார்கள். வேறு வழியில்லை. "உண்மையா பத்து மணிக்கு" என்றார்.

"கடவுளே!" என்று வாயைப் பொத்திக்கொண்டாள் அவர் மனைவி இமெல்டா. சிரிப்பு வெடித்தது. சிரித்து முடிந்ததும், கார்டெரி என்ற குழந்தைக் காப்பகத்தில் பிள்ளைகள் பார்க்கும் நிரஞ்சனி, "அப்ப நிறைய நேரம் கிடக்கு. கோப்பி குடிச்சிட்டு, ஊரைச் சுத்திப் பாத்திட்டு வாறம்" என்று பையைத் தோளில் போட்டாள். நான்கைந்து பேர் அவளோடு நகர்ந்தார்கள்.

அருமைராசா கணக்குப் போட்டார். இவர்கள் கலைந்தால் பத்தரைக்குத்தான் வருவார்கள். ஒன்பதரைக்கு வாருங்கள் என்று சொல்லலாம், ஆனால் இனி அவர் சொல்லும் நேரத்தை யார் நம்புவார்கள்?

அப்போது மழை பிடித்தது. பாட்டமாக அடித்ததால் நிரஞ்சனி திரும்பி ஓடிவந்தாள். பதினான்கு பேரும் சதுக்கத்தின் மேல் விளிம்பில் ஒரு கடைப் பந்தலின் கீழ் நெருங்கி நின்றார்கள்.

"இஞ்ச பாருங்கோ" என்றார் அருமைராசா. "இந்த இடம் தட்டை இல்லை. சிப்பியின்ர உட்பக்கம் மாதிரி. ஒன்பது பங்காப் பிரிச்சு, எல்லாப் பங்கும் கீழ ஒரே இடத்துக்குச் சரியுது. அந்தா, மாளிகைக்கு முன்னால, அந்த வடிகால் வாய். முழு மழையும் அதுக்குள்ளதான் போகும்."

"தொடங்கிட்டார்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

அன்டன் கச்சான் கடலை உடைத்துக்கொண்டிருந்தார். கோது ஒன்று கைதவறி விழுந்தது. மழைநீர் அதைத் தூக்கிக்கொண்டு செங்கல்லின்மேல் வளைந்து வளைந்து இறங்கியது. அருமைராசா பேச்சை நிறுத்திவிட்டு அதையே பார்த்தார். பிறகு அன்டனின் பையிலிருந்து ஒரு பிடி கோதை அள்ளினார்.

"ஆளுக்கொண்டு எடுங்கோ. தள்ளித் தள்ளி நிண்டு விடுங்கோ. ஆரின்ர முதல் போகுதெண்டு பாப்பம்."

"குப்பையெல்லோ!" என்றார் பிலோமினம்மா.

"இமெல்டா கீழ நிண்டு பிடிப்பா. ஒண்டும் உள்ள போகாது."

இமெல்டா குடையோடு இறங்கிப்போய், வடிகால் வாய்க்கு முன்னால் குந்திக்கொண்டாள். முதல் ஓட்டத்தில் நிரஞ்சனியின் கோது வென்றது. "நடுப் பங்கில விட்டவள், அதுதான்" என்று அன்டன் வழக்குப் போட்டார். நடுப் பங்கு ஏன் வேகம் என்று யாரோ கேட்டார்கள். அருமைராசா விளக்கினார். விளிம்பில் விட்டது ஏன் சுற்றிப் போகிறது என்று இன்னொருவர் கேட்டார். அதையும் விளக்கினார். வாழ்க்கையில் முதல் தடவையாக, அவர் பேசி முடிக்குமுன் அடுத்த கேள்வி வந்தது. கோப்பியைப் பற்றி எவரும் மூச்சு விடவில்லை.

மழை தூறலாகி, ஓட்டம் மந்தமானபோது மஞ்சள் குடையோடு ஒரு இளம்பெண் வந்து நின்றாள். வழிகாட்டி. பத்து மணி. நிரஞ்சனியிடம் பிரெஞ்சில், உடனே புறப்படவேண்டும் என்றாள்.

"ஒரு நிமிசம் பொறுங்கோ பிள்ளை" என்றார் பிலோமினம்மா தமிழிலேயே, கண்ணை எடுக்காமல். "என்ர இன்னும் போய்ச் சேரேல்லை."

வழிகாட்டி மணிக்கூட்டைப் பார்த்தாள். அருமைராசா மூன்று மாதம் காத்த பத்து மணி கண்முன்னால் நழுவிக்கொண்டிருந்தது. ஆனால் பாதி வழியில் ஒரு செங்கல் இடுக்கில் சிக்கி ஆடிக்கொண்டிருந்த அந்தக் கோதை விட்டுவிட்டு வர அவருக்கும் மனம் வரவில்லை.

"அவவிட்டைச் சொல்லு நிரஞ்சனி, இப்ப வந்திடும்."

நிரஞ்சனி சொன்னாள். அந்தப் பெண் கோதைப் பார்த்தாள், கீழே குந்தியிருந்த இமெல்டாவைப் பார்த்தாள். குடையைச் சரித்துக்கொண்டு அவளும் எட்டிப் பார்த்தாள். கோது அசைந்தது, விடுபட்டது, இமெல்டாவின் கைக்குள் போய் விழுந்தது.

பக்கத்திலேயே இருந்த சுரங்க வாசலில் அருமைராசா தலைகளை எண்ணினார். பதினான்கு. பத்து மணி கழிந்து நான்கு நிமிடம். குளிர்ந்த காற்று கீழிருந்து வந்தது. கடைசி ஆளாகக் குனிந்து உள்ளே இறங்கினார்.