பதினெட்டு என்று குத்திய கச்சு

"இன்னும் இழு. முதுகுல காலை வெச்சு இழுன்னு சொல்றேன், காதுல விழல?"

"விழுந்துது. என்னால முடியாதும்மா. வேற யாரையாவது வெச்சு இழுத்துக்கோங்க."

பெண்கள் இடுப்பை இறுக்கிக் கட்டும் நாடாக் கச்சு தைக்கும் ஹெஸ்டர் டன்னக்கின் முன்னறையில் நடந்த இந்தச் சண்டை, ஜன்னல் சாத்தியிருந்தும் சேன்ட்ரி தெருவில் பாதிப்பேருக்குக் கேட்டது. மீதிப்பேருக்குப் பால்காரர் மனைவி சொன்னாள். கத்தியவள் மாவு மில் முதலாளியின் மனைவி அகஸ்டா பெல்லோ. முதுகைக் காட்டி, கதவின் பித்தளைப் பிடியைப் பற்றியபடி நின்றவள் அவள் மகள் லெட்டிஸ். வயது பத்தொன்பது. அந்த ஆயிரத்து எண்ணூற்று எண்பத்து மூன்றாம் ஆண்டு ஜூனில் அவளுக்குக் கல்யாணம். போன ஞாயிறு தேவாலயத்தில் பாட்டுக்கு எழுந்தவள் அப்படியே முன் பெஞ்சின் மேல் சரிந்திருந்தாள். மணப்பெண்ணுக்கு மயக்கம் அழகுதான் என்று எங்கள் யார்க்‌ஷயர் சிறுநகரம் ரசித்துப் பேசியது. மயங்காமல் நின்றிருந்தால்தான் ஏதாவது குறை கண்டுபிடித்திருப்பார்கள்.

எல்லாம் ஒரு டீ விருந்தில் ஆரம்பித்தது. லெட்டிஸின் வருங்கால மாமியார் திருமதி கிராப்ட்ரீ, கேக்கை நறுக்கியபடியே, தான் கல்யாணத்தன்று பதினெட்டு அங்குலம், இரண்டு பிள்ளை பெற்ற பிறகும் அதே பதினெட்டு என்றாராம். சுற்றியிருந்த சீமாட்டிகளும் பத்தொன்பது, பதினெட்டரை என்று ஏலம் கேட்டார்கள். அகஸ்டா வீட்டுக்கு வந்ததும் மகளின் இடுப்பை அளந்தாள். இருபத்து மூன்று. அன்று முதல் லெட்டிஸுக்குக் காலையில் ஒரு துண்டு ரொட்டி, தூங்கும்போதும் கச்சு, அதை அவிழ்த்துவிடாமலிருக்க முடிச்சின்மேல் அரக்கு முத்திரை. நாலு மாதத்தில் பெண் இருபதுக்கு வந்துவிட்டாள். விலாவின் இரண்டு பக்கமும் தோல் உரிந்திருந்தது. அதை ஹெஸ்டர் மட்டுமே பார்த்திருந்தாள்.

அந்தத் தெருவுக்கே தெரிந்த ஒரு சங்கதி அகஸ்டாவுக்கு மட்டும் தெரியாது. கச்சின் உள்ளே குத்தியிருக்கும் எண், முதுகுப்பக்கம் இரண்டு விளிம்பும் முட்டினால் வருகிற அளவு. எவளும் முட்டவிடுவதில்லை. ஐந்து விரல், ஏழு விரல் இடைவெளி விட்டு நாடாவைக் கட்டி, மேலே சட்டையால் மூடிக்கொள்வார்கள். டீக்கு வந்தால் கச்சின் எண்ணைத் தன் இடுப்பின் அளவாகச் சொல்வார்கள். சொல்கிறவளுக்கும் முதுகில் இடைவெளி, தலையாட்டுகிறவளுக்கும் இடைவெளி. மூன்று வருஷத்துக்கு முன் கிராமத்திலிருந்து மில்லோடு வந்த அகஸ்டா ஒருத்திதான் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். அவளுக்கு யார் சொல்வது? சொல்ல வேண்டுமானால் முதலில் தன் சட்டையைக் கழற்ற வேண்டும். ஆகவே அத்தனை பெரிய மனுஷிகளும், எதிரே ஒரு பெண் வாய் திறந்து மூச்சுக்குத் தவிப்பதைப் பார்த்துக்கொண்டே இன்னொரு துண்டு கேக் எடுத்துக்கொண்டார்கள். ஹெஸ்டரும் நாலு மாதம் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தாள். எண்களைக் குத்திக் கொடுத்ததே அவள் கைதான். அதை நினைக்கும்போதெல்லாம் அந்தக் கையையே கடிக்கலாம் போலிருந்தது.

"கிராப்ட்ரீ அம்மாவுக்கு நீதானே பதினெட்டு தைச்சுக் குடுத்தே? என் பொண்ணுன்னா மட்டும் கை நோவுதா?"

ஹெஸ்டர் இழுப்பறையைத் திறந்தாள். வாடிக்கைக்காரி ஒவ்வொருத்திக்கும் அதில் ஒரு நீளக் காகிதப் பட்டை உண்டு. உடம்பைச் சுற்றி அளந்த இடத்தில் கத்தரியால் ஒரு வெட்டு இருக்கும், மேலே பெயர். இருபத்திரண்டு வருஷத்தில் ஒருத்தியின் பட்டையை இன்னொருத்தி கண்டதில்லை. அந்த நம்பிக்கையில்தான் கடை ஓடியது. அவள் கிராப்ட்ரீயின் பட்டையை உருவி லெட்டிஸின் இடுப்பைச் சுற்றிப் பிடித்தாள். வெட்டுக்கு முன்பே பட்டை ஒரு சுற்று முடிந்து, நாலு விரல் மிஞ்சித் தொங்கியது.

"இதான் அந்தம்மாவோட அளவு. மூச்சைப் பிடிச்சு, இறுக்கிக் கட்டினதுக்கப்புறம் எடுத்தது. உங்க பொண்ணு ஒண்ணுமே கட்டாம வந்து நின்னப்போ இதே அளவுதாம்மா."

முதுகு இடைவெளிக் கதையையும் மறைக்காமல் சொல்லிவிட்டாள். அகஸ்டா நாற்காலியில் உட்கார்ந்து பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அழுவாள் என்று ஹெஸ்டர் எதிர்பார்த்தாள். அவள் முகமோ மெல்ல மெல்ல மலர்ந்தது.

"அப்போ இந்த ஊர்ல நெஜமா பதினெட்டு ஒருத்தியும் கெடையாதா?"

"கெடையாது."

"அப்போ அதுக்கு வரப்போறவ என் பொண்ணு ஒருத்திதான்னு சொல்லு."

தன் பிழைப்பை விற்று ஹெஸ்டர் வாங்கியது இந்தச் சந்தோஷத்தைத்தான்.

லெட்டிஸ் அதுவரை ஒரு வார்த்தையும் பேசவில்லை. பேச மூச்சில்லாததை ஊர் அடக்கம் என்று மெச்சிக்கொண்டிருந்தது. அவள் கதவுப் பிடியை விட்டுவிட்டு, மேஜையிலிருந்த கத்தரியை எடுத்து ஹெஸ்டரிடம் நீட்டினாள்.

"வெட்டுங்க."

நாடா மேலிருந்து கீழ்வரை அறுந்தது. கச்சு விரிந்ததும் பெண் நிமிரவில்லை. மடித்த துணிபோலச் சரிந்தாள். தானாக நிற்பது எப்படியென்று அவள் முதுகுக்கு மறந்துபோயிருந்தது. ஹெஸ்டர் அவளைத் தாங்கித் தரையில் கிடத்தினாள். நிமிர்ந்தபோது, அகஸ்டா குனிந்து அறுந்த நாடாத் துண்டுகளைப் பொறுக்கி, முடிச்சுப் போட்டால் நிற்குமா என்று இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கிராப்ட்ரீ வீட்டார் சம்பந்தத்தை முறித்துக்கொண்டார்கள். பெண்ணுக்கு உடம்பில் தெம்பில்லை என்பது அவர்கள் சொன்ன காரணம். அக்டோபரில் தங்கள் பையனுக்கு வக்கீல் மகளைக் கட்டிவைத்தார்கள். அவளும் பதினெட்டாம். லெட்டிஸ் ஒரு வருஷம் படுத்தும் நடந்தும் தேறி, மனைவியை இழந்த ஒரு பள்ளி ஆசிரியரைக் கட்டிக்கொண்டு ஹல் நகரத்துக்குப் போய்விட்டாள். அம்மா ஒருமுறைகூட அங்கே போகவில்லை.

ஹெஸ்டரிடம் பிறகு யாரும் தைக்கக் கொடுக்கவில்லை. அவள் வாய் திறக்காமல் லெட்டிஸைச் சாகக் கிடக்க விட்டதை மன்னித்தவர்கள், பட்டையைக் காட்டியதை மன்னிக்கவில்லை. அவள் கடையைப் பூட்டிக்கொண்டு கடற்கரை ஊரான விட்பியில் இருந்த தம்பியிடம் போனாள். அவனுக்கு அங்கே கப்பல் பாய் தைக்கிற கொட்டகை. அங்கிருந்து மீன் கொண்டுவருகிறவன் சொல்கிறான்: புதுப் பாயை முதல்முறை ஏற்றுகிற நாளில் அவள் வேலையைப் போட்டுவிட்டுத் துறைமுகச் சுவரோரம் வந்து நிற்பாளாம். துணி முதலில் தொளதொளவென்று அடித்துக்கொள்ளும். பிறகு காற்றை வாங்கி, வயிறு உப்பி, முழுசாக முன்னே தள்ளும். அதுவரைக்கும் விரலில் ஊசியோடு, யார் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டாளாம்.