கோணல் வெட்டு

மேலே ஏற மூக்கைத் தூக்கியதுமே அவளுடைய மாதிரி விமானத்தின் எஞ்சின் நின்றுபோனது. மாலை வகுப்பிலிருந்து போட்டிக்கு ஒரே ஒரு விமானம்தான் போகும். இனி அது அவளுடைய வகுப்புத் தோழி செய்த விமானம்தான்.

தப்பு தன்னுடையதாகத்தான் இருக்கும் என்று நினைத்து, வீட்டில் நோட்டைப் பிரித்தாள். டேங்கின் மட்டம் சரி. காற்றுக் குழாய் சரி. டேங்குக்குள் எரிபொருளை உறிஞ்சும் ரப்பர் குழாய் எழுபது மில்லிமீட்டர் என்று எழுதியிருந்தாள். விமானம் ஏறும்போது எரிபொருள் பின்பக்கம் ஓடும். குழாயின் நுனியிலுள்ள பித்தளைக் குண்டும் கூடவே ஓட வேண்டும்.

டேங்கை ஆட்டினாள். குண்டு பின்பக்கம் எட்டவே இல்லை. திறந்து அளந்தால் ஐம்பதுதான் இருந்தது. குண்டைக் கழற்றினாள். குழாய் கோணலாக வெட்டப்பட்டிருந்தது. அவள் அளவுகோல் வைத்து நேராக வெட்டுபவள். கோணல் வெட்டு யாருடையது என்று வகுப்புக்கே தெரியும். "நீ போய் டீ குடிச்சிட்டு வாடி, டேங்கை நான் பாத்துக்கறேன்" என்று முந்தின நாள் அனுப்பிவைத்தவளும் அதே தோழிதான்.

மறுநாள் குழாயைத் தோழியின் முன்னால் வைத்தாள்.

"நீயே தப்பா அளந்திருப்படி," என்று தோழி சிரித்தாள். "உனக்குத்தான் உன்மேலயே நம்பிக்கை கிடையாதே!"

தோழியிடம் முன்பு மனம்விட்டுச் சொன்னதை, அந்தத் தோழியே திருப்பி வீசினாள்.

"சரி, உன் டேங்கையும் திற. ரெண்டு வெட்டையும் பக்கத்துல வெச்சுப் பாப்போம்."

தோழியின் சிரிப்பு நின்றது. டேங்கை அவள் தொடவே இல்லை.