தாமதத்துக்கான காரணம்

எங்கள் பனியன் கம்பெனியில் சரக்கு வாங்கும் நெதர்லாந்து பையரிடமிருந்து காலையில் பதில் வந்திருந்தது. 'அபிராமி, உங்கள் அம்மா பிப்ரவரியில் இறந்ததாக எழுதியிருந்தீர்கள். ஜூலையில் மறுபடியும் இறந்ததற்கு என் அனுதாபங்கள்.'

பக்கத்து இருக்கை நூர்ஜான் எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "ஏண்டி, உனக்கு எத்தன அம்மா?"

நான் சிரிக்கவில்லை. திரையைக் கீழே இழுத்தேன். முந்தின நாள் மாலை என் பெயரில் போன மெயில் அங்கே இருந்தது. நான் அனுப்பாதது. ஆனால் ஒவ்வொரு சொல்லும் என்னுடையது.

பிப்ரவரியில், அவிநாசியில், அம்மாவைக் கிடத்தியிருந்த அறைக்கு வெளியே செருப்புகளுக்கு நடுவில் நின்று போனில் அடித்த மெயில் அது. சாம்பிள் அன்று போயிருக்க வேண்டும். பையருக்கும் கம்பெனிக்கும் நடுவில் நிற்கும் மெர்ச்சண்டைசர் நான். பதில் சொல்ல வேண்டியவளும் நான்தான். 'என் அம்மா இன்று விடியற்காலையில் இறந்துவிட்டார். அனுப்புவது தாமதமாகும், மன்னியுங்கள்.' அம்மாவின் சாவை முதன்முதலில் நான் எழுத்தில் பார்த்தது அந்த இங்கிலீஷில். அதை அனுப்பிய பிறகுதான் எனக்கு அழுகையே வந்தது.

முதலாளி பொங்கியண்ணனின் மகன் ரித்தீஷ் படிப்பு முடித்து வந்ததும் ஆபீசுக்கு ஒரு சாஃப்ட்வேர் கொண்டுவந்தான். பையருக்குத் தினமும் போகும் நிலவர மெயில், டையிங் பட்டறைக்கு நினைவூட்டல், பில் அப்ரூவல் எல்லாம் தானாகப் போய்விடும். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஒரே மெயிலைத் தேதி மாற்றி மாற்றி அடிக்கும் வேலை ஒழிந்தது. இருட்டுவதற்குள் வீட்டுக்குப் போக முடிந்தது.

அவனிடம் போய்க் கேட்டேன்.

"ஆமாங்க்கா, அது ஆட்டோமேட்டிக். ஷிப்மெண்ட் தேதி தாண்டிருச்சுன்னா தானா மெயில் போயிரும். தாமதத்துக்கான காரணம்னு ஒரு கட்டம் இருக்குதுங்க, அதக் காலியா உட முடியாது. பழைய மெயிலெல்லாம் எடுத்துப் பாத்தேன். உங்களுதுக்குத்தான் பையர் ஒரு கேள்வியும் கேக்கல, பெனால்டியும் போடல. இருக்கறதுலயே பெஸ்ட் மெயிலுங்க்கா அது."

அவன் என்னைப் பாராட்டுகிறான் என்பது புரியச் சற்று நேரமானது.

"அது எங்கம்மா செத்ததுங்க தம்பி."

"தெரியுமுங்க்கா. நானும் அப்பாவும் வந்திருந்தமே."

வந்திருந்தான். மாலை போட்டு அம்மாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டான். எனக்குக் கோபம் எப்போதும் பிந்தித்தான் வரும். வீட்டுக்குப் போய்ப் பாத்திரம் கழுவும்போது வரும், அங்கேயே தீர்ந்தும் போகும். அன்று அது நின்ற இடத்திலேயே வந்தது. காதுமடல்கள் சுட்டன.

பேச்சுக் கேட்டு முதலாளி அறையிலிருந்து வந்தார். யாரிடமும் குரல் உயர்த்தாத மனிதர். விஷயத்தைக் கேட்டுத் தலையாட்டினார்.

"பையன் தெரியாமப் பண்ணிட்டானுங்க அம்மணி. பெருசு பண்ண வேண்டாம். இப்பச் செத்தது பெரியம்மான்னு ஒரு மெயில் போட்ருங்க. நம்ம பக்கம் பெரியம்மாளையும் அம்மான்னுதான் கூப்புடுவோம்னு சொல்லுங்க. அந்த பையர் பொம்பளைக்கு என்ன தெரியப் போகுது."

"எனக்குப் பெரியம்மாவே இல்லீங்க சார்."

"இருந்தா என்ன, இல்லாட்டி என்ன."

உண்மையான காரணம் எங்கள் மூவருக்குமே தெரியும். நெதர்லாந்து ஆர்டரின் டீ-ஷர்ட்கள் ஓட வேண்டிய மெஷின்களில் அவர் இன்னொரு பையரின் அவசர ஆர்டரை ஏற்றியிருந்தார். அதை மூடி மறைக்க என் அம்மாவின் உடல் தேவைப்பட்டிருக்கிறது.

ரித்தீஷ் கீபோர்டை இழுத்துக்கொண்டான். "சரிங்க்கா, வேற என்ன போடறதுன்னு நீங்களே சொல்லுங்க. காலியா மட்டும் உட முடியாது."

"உங்கம்மா செத்துட்டாங்கன்னு போடுங்க தம்பி."

மரியாதை குறையாமல்தான் சொன்னேன். முதலாளியின் முகம் நான் அதுவரை பார்த்திராத முகமாக ஆயிற்று.

"வாயக் கழுவுங்க அம்மணி. அவ ஊட்ல நல்லா இருக்கறா."

"எங்கம்மாவும் செத்த எடத்துல நிம்மதியாத்தான் இருந்தாங்க சார்."

அவருக்கு வலித்தது. அதைப் பார்க்க எனக்குப் பிடித்திருந்தது. வேறொரு நாளாக இருந்தால் அந்தப் பிடித்தத்துக்காக என்னையே நான் கடிந்துகொண்டிருப்பேன்.

நூர்ஜான் எனக்குப் பின்னால் வந்து நின்றிருந்தாள். "தம்பி, இது இவ பேர்ல மட்டும்தான போகுது?"

ரித்தீஷ் அப்பாவைப் பார்த்தான். "எல்லா மெர்ச்சண்டைசருக்கும் ஒரே டெம்ப்ளேட்டுங்க்கா."

அவள் இருக்கைக்குத் திரும்பித் தன் பெயரில் போன மெயில்களைத் திறந்தாள். தினமும் மத்தியானம் அவள் சாப்பிட்டாளா என்று போன் செய்து கேட்கும் அவளுடைய அம்மா, ஸ்பெயினில் ஒரு பையருக்கும் போலந்தில் ஒரு பையருக்கும் செத்துப்போயிருந்தார்.

நான் உட்கார்ந்து எழுதினேன். 'என் அம்மா மயிலாள் ஒரு முறைதான் இறந்தார், பிப்ரவரியில். உங்கள் டீ-ஷர்ட்கள் தாமதமாவது, எங்கள் கம்பெனி வேறொரு ஆர்டரை முன்னால் ஓட்டியதால். நேற்றைய மெயிலை நான் அனுப்பவில்லை.' கடைசியில் மன்னிப்புக் கேட்கும் வரிக்கு விரல் தானாகப் போயிற்று. நிறுத்திக்கொண்டேன்.

முதலாளி என் நாற்காலிக்குப் பின்னால் நின்று படித்தார். "இத அனுப்புனா நாளைக்கு நீங்க வர வேண்டாமுங்க" என்றார், மெதுவாகவே.

"சரிங்க சார்" என்று சொல்லிவிட்டு மெயிலை அனுப்பினேன்.

நூர்ஜான் என் பக்கம் திரும்பவில்லை. "அபி, அத எனக்கும் அனுப்பு. பேர மாத்திப் போட்டுக்கறேன்."

"வேண்டாம். உன்னுத நீயே எழுது."

அவள் மேசை மேல் போன் அதிர்ந்தது. அம்மா என்று காட்டியது. அவள் எடுக்கவில்லை. அதிர அதிர, 'என் அம்மா உயிரோடு இருக்கிறார்' என்ற வரியை முதலில் அடித்து முடித்தாள்.