கரும்பிடரன் கலுங்கை உடைத்த காரணம்

பொன்முடியான் பிறந்தபோது ஏழு மலைகளும் ஒரே நேரத்தில் பூத்தன. கரும்பிடரன் பிறந்தபோது பசுக்களுக்குப் பால் வற்றியது. எங்கள் கம்பெனி செய்த செல்போன் விளையாட்டில் வரும் கற்பனை நாட்டின் வரலாறு இப்படித்தான் தொடங்குகிறது. மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு பக்கம். விளையாடுகிறவர்கள் யாரும் அதைப் படிப்பதில்லை. வாளைத் தூக்கிக்கொண்டு நேரே யாளிக் குகைக்குப் போய்விடுவார்கள். நான் மூன்று முறை படித்திருக்கிறேன். ஒற்றுப் பிழை பார்ப்பதுதான் அங்கே என் வேலை.

அலுவலகம் மதுரை தல்லாகுளத்தில், ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில். கீழே கோர்ட்டுக்குப் போகிறவர்கள் ஆளுக்கு அரை ஏக்கர் பத்திரத்தை நகல் எடுத்துக்கொண்டிருப்பார்கள். மேலே நாங்கள் ஒரு நாட்டுக்கே பத்திரம் எழுதிக்கொண்டிருந்தோம். முதலாளி ராம்கி. வரலாற்றை எழுதியவர் சத்யப்ரியா. அலுவலகத்தில் எல்லோரையும் ராம்கி மாப்ள என்பார். என்னைத் தம்பி என்பார். மரியாதையாகத்தான்.

இரண்டு வருடமாக நான் தற்காலிகம். வீட்டில் அன்னக்கொடியிடம் நிரந்தரம் என்று சொல்லித்தான் கல்யாணமே நடந்தது.

கரும்பிடரனின் குணத்தைப் பற்றி வரலாற்றில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. இரண்டு கொம்பு, கறுத்த உடம்பு, பேசினால் புகை. பொன்முடியானுக்கு வெயிலே படாத நிறம். மதுரையில் அந்த நிறத்தை நான் ஜவுளிக்கடைப் பொம்மைகளிடம் மட்டுமே பார்த்திருக்கிறேன்.

இரண்டாம் பாகம் வந்தபோதுதான் வில்லனுக்கு நல்ல காலம் பிறந்தது. ஊர் உலகத்தில் எல்லா வில்லனுக்கும் இப்போது ஒரு நியாயம் கிடைத்துவருகிறது, நம் வில்லன் மட்டும் ஏன் வெறுமனே கெட்டவனாக இருக்க வேண்டும் என்று விளையாடுகிறவர்கள் கேட்டார்களாம். கரும்பிடரன் உள்ளுக்குள் என்ன நினைத்தான் என்பதை அலுவலகத்தில் யார் வேண்டுமானாலும் எழுதலாம், தேர்வாகிறவரின் பெயர் திரையில் வரும் என்று ராம்கி அறிவித்தார். என்னைத் தனியாக அழைத்து, என்னுடையது தேறினால் நிரந்தரம் என்றார்.

ஆளுக்கு ஒன்று எழுதினார்கள். படம் வரையும் முகேஷ், வில்லனின் தாயை யாளி மிதித்துக் கொன்றது என்று எழுதினான். சத்யப்ரியா காதல் தோல்வி என்றார். ராம்கியே ஒன்று எழுதியிருந்தார். அதில் வில்லனும் கதாநாயகனும் இரட்டைப் பிள்ளைகள். நிறம் மட்டும் எப்படி மாறியது என்று கேட்க யாருக்கும் தைரியம் வரவில்லை.

நான் இருநூற்று எண்பத்தேழாம் பக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டேன். அதில் இப்படி இருந்தது: 'பொன்முடியான் பெருங்கண்மாயின் கலுங்கின் மேல் மூன்று வரிசைக் கல் அடுக்கி நாட்டைச் செழிக்கச் செய்தான். பொறாமை கொண்ட கரும்பிடரன் அக்கற்களைத் தகர்த்தான். வெள்ளம் பாய்ந்து கீழ்நாட்டின் ஏழு ஊர்களும் அழிந்தன.'

ஒற்றுப் பிழை ஏதும் இல்லை. ஆனால் கண்மாய் ஓரத்தில் வளர்ந்தவனுக்கு இந்த இடத்தில் சோறு விக்கும். கலுங்கு என்பது கரையின் ஓரத்தில் தாழக் கட்டிய கல் திண்டு. கண்மாய் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் அதன் மேல் வழிந்து, ஓடை வழியாக அடுத்த ஊர்க் கண்மாய்க்குப் போகும். அதை மறுகால் என்போம். மேலூர் மறுகால்தான் கீழூரின் மழை. கலுங்கின் மேல் கல்லை அடுக்கினால் மேலே இரண்டு போகம் விளையும், கீழே ஆடு மேயும். அந்தக் கல்லை ஒருவன் தள்ளிவிட்டால் யாரும் மூழ்கமாட்டார்கள். நின்றுபோன தண்ணீர் திரும்ப வரும், அவ்வளவுதான்.

ஒன்றரைப் பக்கம் எழுதினேன். கரும்பிடரன் கீழ்நாட்டுக்காரன். மூன்று வருடம் நாற்று கருகியது. ஐந்து முறை பொன்முடியானின் அரண்மனைக்கு மனுக் கொடுத்தான். ஐந்து முறையும் மன்னர் யாளி வேட்டைக்குப் போயிருந்தார். ஆறாவது முறை மனுவுக்குப் பதிலாகக் கடப்பாரையை எடுத்துக்கொண்டு போனான். ஏழு ஊர் அழிந்த செய்தியை அரண்மனைப் புலவர் பிறகு எழுதினார். கொம்பையும் அவர்தான் வைத்தார்.

கூட்டத்தில் அதை வாசித்தார்கள். கடப்பாரையை மந்திர ஈட்டியாக மாற்றலாமா என்று சத்யப்ரியா கேட்டார். முகேஷ் சிரித்தான். ராம்கி எல்லோரையும் அனுப்பிவிட்டு என்னை மட்டும் இருக்கச் சொன்னார்.

அப்போதுதான் தெரிந்தது. டி. கல்லுப்பட்டிக்கு மேற்கே ராம்கியின் ஊர்க் கண்மாயில் கல் அடுக்கியவர் அவருடைய தாத்தா. டீ குடிக்கும்போது அதைப் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். சத்யப்ரியா கேட்டு, கிரீடத்தையும் யாளியையும் சேர்த்து வரலாறாக்கிவிட்டார்.

"எங்க தாத்தா கல்லு வச்சதாலதான் ஊரே சோறு தின்னுச்சு தம்பி. அவரைப் போயி தண்ணித் திருடன்னு எழுதியிருக்கீக."

"பொன்முடியானைத்தான்ணே எழுதுனேன்."

"பொன்முடியான் யாருங்கிறேன்?"

அந்தக் கல்லை யாராவது உடைத்தார்களா என்று கேட்டேன்.

"உடைச்சான் ஒரு பய. கீழூர்க்காரன். கட்டி வச்சு உரிச்சுட்டாக. அதுக்கப்புறம் அந்தப் பக்கமே தலைகாட்டலை." எங்கோ ஓடிப்போன கோழியைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார்.

அவன் என் தாத்தா இல்லை. நான் கிழக்கே, திருவாதவூர்ப் பக்கம். இரண்டு ஊருக்கும் நடுவில் மதுரையே கிடக்கிறது. ஆனால் எல்லாக் கலுங்குக்கும் ஒருவன் இருக்கிறான். எங்கள் பக்கத்துக் கலுங்கை உடைத்தவன் பேரில் இன்னமும் கேஸ் நடக்கிறது, அலுவலகத்திலிருந்து கூப்பிடு தூரத்துக் கோர்ட்டில்.

ராம்கி நியாயமானவர். என் கதையைத் தூக்கிப் போடவில்லை, திருத்தினார். கலுங்கை உடைப்பது இருக்கட்டும், காரணம் மட்டும் சத்யப்ரியாவுடையது. பொன்முடியானின் தங்கை நிலவழகியைக் கரும்பிடரன் காதலிக்கிறான். அவளை வேறு நாட்டுக்குக் கட்டிக்கொடுக்கிறார்கள். பல்லக்கு கண்மாய்க் கரையில் போகும்போது அவள் அழுகிறாள். இவன் ஆத்திரத்தில் கலுங்கை உடைக்கிறான். திருடியவனும் இல்லை, பறிகொடுத்தவனும் இல்லை. எல்லோரும் நல்லவர்கள். திரையில் இரண்டு பெயர்: சத்யப்ரியா, சோணைமுத்து. சோணைமுத்து நான்தான். என் நிரந்தர உத்தரவு டைப் ஆகிவிட்டது, வெளியீடு முடிந்ததும் கையெழுத்து என்றார். அன்று மாலை அன்னக்கொடிக்கு அல்வா வாங்கிக்கொண்டு போனேன். எதற்கு என்று அவள் கேட்டாள். சும்மா என்றேன். ஏற்கெனவே நிரந்தரமானவனுக்குச் சந்தோஷப்படக் காரணம் கிடைப்பது கஷ்டம்.

வெளியீட்டுக்கு முந்தின நாள் கடைசிப் பார்வைக்காக எல்லாம் என்னிடம் வந்தது. காட்சியின் முடிவில் குரல் கிடையாது. இருண்ட திரையில் ஒரு வரி மட்டும், பெரிய எழுத்தில்: 'அவன் கலுங்கை உடைத்தது ஒரு துளிக் கண்ணீருக்காக.'

ஒற்று சரியாக இருந்தது. அடுத்ததுக்குப் போயிருக்கலாம். போக முடியவில்லை. உரித்தெடுத்த முதுகோடு ஒருவன் ஓடை மணலில் நடந்து போவது தெரிந்துகொண்டே இருந்தது. அவனுக்கு நாம் கொம்பு வைத்தோம், புகை வைத்தோம், இப்போது இரக்கப்பட்டு ஒரு பெண்ணையும் வைக்கிறோம். அவன் கேட்டது இதில் எதையும் இல்லை. பக்கத்து மேசையில் சத்யப்ரியா இரண்டு முறை ஏதோ கேட்டார், பதில் சொன்னேனா என்று நினைவில்லை. மதியச் சாப்பாட்டுக்கு எல்லோரும் எழுந்து போன பிறகு அந்த வரியைத் திருத்தி அனுப்பினேன்.

'அவன் கலுங்கை உடைத்தது ஒரு துளித் தண்ணீருக்காக.'

வெளியீட்டுக்கு மறுநாள் காலை ராம்கி கூப்பிட்டார். சத்யப்ரியாவும் இருந்தார். மேசை மேல் என் உத்தரவு இருந்தது, கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டு.

"ஒரு எழுத்து மாறிப்போச்சு, அம்புட்டுதான?" என்றார் ராம்கி. "பிழைன்னு ஒரு வார்த்தை சொல்லு மாப்ள. அடுத்த அப்டேட்ல சரி பண்ணிக்கிருவோம். இதையும் இப்பவே போட்டுத் தந்துர்றேன்." பேனாவின் மூடியைக் கழற்றினார்.

"டைப்பிங்தான் ராம்கி, தமிழ்ல இப்படி வரும்" என்றார் சத்யப்ரியா. அவருக்குத் தெரியும். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

இரண்டு வருடத்தில் முதல் முறையாக மாப்ள ஆகியிருந்தேன். பிழை பார்ப்பவன் தன் வாயால் ஒரே ஒரு பிழையை ஒத்துக்கொண்டால் போதும். வீட்டில் சொன்ன பொய்யும் உண்மையாகிவிடும்.

"பிழைன்னா ஒத்து மாறியிருக்காதுண்ணே."

ராம்கிக்குப் புரியவில்லை. சத்யப்ரியாவைப் பார்த்தார். கைதவறி ஒரு எழுத்து மாறியிருந்தால் முன்னால் இருந்த 'க்' அப்படியே நின்றிருக்கும், இதில் அதுவும் 'த்' ஆகியிருக்கிறது, தெரிந்துதான் மாற்றியிருக்கிறார் என்று அவர் மெதுவாக விளக்கினார். ராம்கி பேனாவை மூடினார். காகிதத்தை இரண்டாக மடித்து மேசை இழுப்பறையில் வைத்தார்.

"சரி தம்பி" என்றார்.

அன்று அன்னக்கொடியிடம் இரண்டையும் சேர்த்துச் சொன்னேன்: இப்போது வேலை இல்லை, முன்பும் அது நிரந்தரமாக இல்லை. அவள் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் தன் செல்போனில் அந்த விளையாட்டைத் திறந்து, எந்த வரி என்று மட்டும் கேட்டாள். காட்டினேன். படித்துவிட்டுச் செல்லைக் கவிழ்த்து வைத்தாள்.

பிழை பார்க்க ஆள் இல்லாததால் அவர்கள் திருத்துவதற்கு நான்கு நாள் ஆனது. இப்போது போய்ப் பார்த்தால் கண்ணீர்தான் இருக்கும். நான்கு நாள் மறுகால் வந்தால் எங்கள் கண்மாய் பாதி நிறைந்துவிடும்.