கிளி எண்ணிய பத்தொன்பது

சுண்டுவின் பென்சில் டப்பாவில் ஒரு குட்டிச் சங்கு ஒரு வருடமாகக் கிடந்தது. காதில் வைத்தால் கடல் கேட்கும் என்று சொல்லித்தான் வகுப்புத் தோழி கிளி அதைக் கொடுத்தாள். சுண்டுவுக்குக் கடல் கேட்கவில்லை. பத்தொன்பது என்றுதான் கேட்டது.

போன வருட உடற்தகுதித் தேர்வில் வந்த வினை அது. ஒரு நிமிடத்தில் எத்தனை சிட்-அப் என்பதுதான் தேர்வு. ஒருத்தி படுத்துப் படுத்து எழ வேண்டும். அவள் ஜோடி, பாதங்களை அழுத்திப் பிடித்துக்கொண்டு மனதுக்குள் எண்ண வேண்டும். எல்லாரும் சத்தமாக எண்ணினால் பி.டி. சாருக்குத் தலை வலிக்கும். எண்ணியவள் சொல்வதுதான் கணக்கு. எழுந்தவள் பேச்சு எடுபடாது. வகுப்பில் முதலாவதாக வருகிறவளுக்கு ஒரு வாரம் கடற்கரை முகாம். சுண்டு கடலைப் பார்த்ததே இல்லை.

உயர வரிசையில் பக்கத்தில் நிற்கும் இருவர் ஜோடி. அதில் உயரமானவள் முதலில் எழ வேண்டும். கிளி ஒரு சென்டிமீட்டர் கூடுதல். அவள் எழுந்தது இருபத்தேழு. உயிர்த்தோழி ஆயிற்றே என்று சுண்டு முப்பதாகச் சொன்னாள். பிறகு சுண்டு மூச்சு முட்ட முப்பத்தொன்று எழுந்தாள். சார் நோட்டும் கையுமாக வந்து நின்றார்.

"பத்தொம்பது சார்" என்றாள் கிளி, கண் இமைக்காமல்.

"சார், நான் முப்பத்தொண்ணு..."

"நீ எழுந்த பிள்ளையா, எண்ணின பிள்ளையா?"

கிளி கடலுக்குப் போனாள். சங்கோடு திரும்பி வந்தாள்.

சுண்டு யோசித்துப் பார்த்தாள். முதலில் எழுகிறவளை யாரும் ஏமாற்ற மாட்டார்கள். ஏமாற்றினால் அடுத்த நிமிடமே அவள் கையில் மாட்ட வேண்டும். இரண்டாவதாக எழுகிறவள்தான் அம்போ. ஆகவே உயரமாக வேண்டும்.

சமையலறைக்கு வெளியே துணி காயப்போடும் கம்பி இருந்தது. தினமும் காலையில் முக்காலி போட்டு ஏறி அதில் தொங்கினாள்.

"என்னடி இது, என் சட்டைக்குப் பக்கத்துல பொண்ணும் காயுது?" என்றார் அப்பா.

"கம்பி வளையட்டும், உங்களைத் தொங்கவிடறேன்" என்றாள் அம்மா அவரிடம்.

கிளியோடு சுண்டு சண்டை போடவில்லை. சண்டை என்று தெரிந்தால் சார் ஜோடியை மாற்றிவிடுவார். ஒரு வருடம் முழுக்க அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து, அவள் நகைச்சுவைக்கெல்லாம் வயிறு வலிக்கச் சிரித்தாள். சிரித்துச் சிரித்தே வயிறு இறுகிவிட்டதோ என்னவோ.

இந்த வருடம் அளவுப் பலகையில் சுண்டு அரை சென்டிமீட்டர் கூடுதல்.

"அடிப்பாவி, உரம் போட்டாங்களா உனக்கு?" என்று சிரித்த கிளி, வரிசையில் இடம் மாறி நின்றதும்தான் சிரிப்பை நிறுத்தினாள். பாதங்களைப் பிடித்த அவள் கை வியர்த்திருந்தது.

"ஏய், உனக்கு ரெண்டு சேர்த்து எண்ணட்டுமா?"

"வேணாம். எழறதை மட்டும் எண்ணு."

விசில் ஊதியது. சுண்டு முப்பத்து மூன்று எழுந்தாள். கிளியும் ஒன்று குறையாமல் அதையே சொன்னாள்.

அடுத்து கிளி படுத்தாள். அவளும் வீட்டில் சும்மா இருந்திருக்கவில்லை. தோள் பாயில் பட்டு, முழங்கை முட்டியில் பட்டு, பிசகே இல்லாமல் எழுந்தாள். சுண்டு ஒன்றைக்கூட விடாமல் எண்ணினாள். எவ்வளவு பறிக்கிறோம் என்று துல்லியமாகத் தெரிய வேண்டும் அல்லவா? ஒவ்வொரு முறை எழும்போதும் கிளியின் முகம் அவள் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் வந்து, கண்ணால் கெஞ்சிவிட்டுப் போனது. முப்பத்தாறு.

சார் வந்தார். "எத்தனை?"

அந்த எண்ணை ஒரு வருடம் வாயில் வைத்திருந்தாள் சுண்டு. இப்போது அவசரமில்லாமல் எடுத்து வைத்தாள்.

"பத்தொம்பது சார்."

கிளியின் வாய் திறந்தது. சார் பேனாவோடு அவளைப் பார்த்தார். கிளி சுண்டுவைப் பார்த்தாள். வாய் மூடிக்கொண்டது. சார் எழுதிக்கொண்டு அடுத்த ஜோடிக்கு நகர்ந்தார்.

சுண்டு பென்சில் டப்பாவைத் திறந்து, சங்கை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தாள்.

"இந்தா. நான் வேற எடுத்துட்டு வரேன்."

பள்ளி விட்டதும் எல்லாரும் போய்விட்டார்கள். சுண்டு வாசலைத் தாண்டும்போது திரும்பிப் பார்த்தாள். மைதானத்தில் கோல் கம்பத்தின் குறுக்குக் கட்டையில் கிளி தொங்கிக்கொண்டிருந்தாள். கால்கள் தரையில் படவில்லை. உதடு மட்டும் அசைந்து எதையோ எண்ணியது.

சுண்டு வீட்டை நோக்கி நடையை எட்டிப் போட்டாள். கம்பியில் அம்மா துணி போட்டிருந்தால் எடுக்கச் சொல்ல வேண்டும்.