கோயிலுக்குப் பின்னால் ஊறிய தண்ணீர்

கோயிலின் பின்சுவருக்கும் தேயிலைச் செடிகளுக்கும் நடுவே, நேற்றுவரை வெறும் தரையாயிருந்த இடத்தில் தண்ணீர் ஊறிக்கொண்டிருக்கிறது, மேலேயிருந்து வழிகிற மழைத்தண்ணீர் இல்லை, மண்ணுக்குள்ளிருந்து கொப்பளித்து வருகிறது, செங்கல் கரைத்த நிறம், நான் விறகுச் சுள்ளிகளைக் கக்கத்தில் இடுக்கியபடி பார்த்துக்கொண்டு நிற்கிறேன், நின்றேன், இத்தனை வருடம் கழித்தும் கண்ணை மூடினால் அங்கேதான் நிற்கிறேன். மழை பிடித்துப் பதினோராம் நாள் அது, ஒன்பதாம் நாளில் ஓடை பொங்கிக் கீழ் லைன் வீட்டு வரிசையில் இரண்டு வீடுகளை இழுத்துக்கொண்டு போனது, டவுனுக்குப் போகிற ரோடு அறுந்துவிட்டது, போனில் சிக்னல் இல்லை, எஸ்டேட்டில் மிச்சமிருந்த நாற்பத்தொரு பேரும் மேட்டில் இருந்த எங்கள் சின்ன வேதக் கோயிலுக்குள் பாயும் பாத்திரமுமாக வந்து அடைந்திருந்தோம், உள்ளே என் கணவர் மோசே நல்லதம்பி ஜெபம் நடத்திக்கொண்டிருந்தார், பாதிரி ஐயர் மாதத்துக்கு ஒருமுறைதான் மலையேறி வருவார், மற்ற நாளெல்லாம் உபதேசியார் இவர்தான், இவர் சொல்தான். இவருக்கு எட்டு வயதில் இதே மலை ஒருமுறை சரிந்திருக்கிறது, கீழ் லைன் முழுக்கப் போய், கோயிலுக்குள் இருந்தவர்கள் மட்டும் பிழைத்தார்களாம், அம்மாவின் மடியில் இவரும் இருந்தாராம், அன்றிலிருந்து அந்தச் சுவர்களை நம்பினார், அந்த நம்பிக்கையைத்தான் எங்களுக்கும் பங்குவைத்துக்கொண்டிருந்தார், நானோ கல்யாணமான நாளிலிருந்தே பயந்தவள் என்று பெயர் வாங்கியவள், இடி இடித்தால் பயம், அட்டை ஏறினால் பயம், விசுவாசம் இருக்கிற இடத்துல பயம் இருக்காது என்று அவர் சொல்லும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொள்வேன்.

சுள்ளிகளைக் கீழே போட்டுவிட்டு மேலே ஏறினேன், பத்துப் பன்னிரண்டு வருடமாகக் கொழுந்து கிள்ளிய நிரை அது, ஒவ்வொரு செடியும் எனக்குத் தெரியும், அன்றைக்கு அவையெல்லாம் கோயில் பக்கமாகச் சாய்ந்து நிற்கின்றன, யாரோ பின்னாலிருந்து தள்ளினது போல, இரண்டு செடிகளுக்கு நடுவே தரை வாயைத் திறந்திருக்கிறது, குனிந்து கையை விட்டேன், முழங்கைவரை போயிற்று, அதற்குக் கீழும் ஒன்றும் தட்டுப்படவில்லை, உள்ளேயிருந்து குளிர்ந்த காற்று விரல்களில் பட்டது, அப்போதுதான் கவனித்தேன், ஒரு பறவைகூடக் கத்தவில்லை, மழைக்கு அடியில் வேறொரு சத்தம், அரைக்கிற கல்லின் சத்தம் போல, எங்கிருந்து என்று சொல்ல முடியாதபடி கேட்டுக்கொண்டிருந்தது. ஓடிப்போய்ச் சொல்ல வேண்டியதுதானே, ஏன் நின்றேன், எனக்குத் தெரியும் ஏன் நின்றேன் என்று, ஆறு வருடத்துக்கு முன் என் மகன் ஆசீர் காய்ச்சலில் கிடந்தபோதும் இப்படித்தான் நின்றேன், கண் மஞ்சளாகிவிட்டது, ஆஸ்பத்திரிக்குப் போயிரலாமா என்று ஒரே ஒரு தடவை கேட்டேன், உபவாச ஜெபம் நாளைக்குக் காலையில முடியுது, முடிச்சிட்டுப் போவோம் என்றார் அவர், நான் மறுபடி கேட்கவில்லை, அந்தக் காலை ஆசீருக்கு வரவில்லை, பிறகு இருவரும் அதைப் பற்றிப் பேசினதே இல்லை, அவர்மேல் மட்டும் பழியைப் போட எனக்கு உரிமையில்லை, வாய் எனக்கும் இருந்தது. ஆண்டவரே, தைரியம் தாரும் என்று அந்த நிரைக்குள் நின்று கேட்டேன், சத்தமாகவே கேட்டேன், வந்தது தைரியம் மாதிரி இல்லை, ஆனாலும் செடிகளைப் பிடித்துப் பிடித்துக் கோயிலுக்கு இறங்கினேன்.

உள்ளே எல்லாரும் முழங்காலில் இருக்கிறார்கள், நான் சேற்றுக் காலோடு நடுவில் நடந்து போகிறேன், ஏங்க, ஜெபத்தை நிறுத்துங்க என்கிறேன், யாரோ மூச்சை இழுக்கிறார்கள், அவர் கண்ணைத் திறக்காமலே, போய் உக்காரு, முடியட்டும் என்கிறார், முடியற வரைக்கும் மலை காத்திருக்காதுங்க, பின்னால மண்ணு பிளந்திருக்கு, அடியில இருந்து தண்ணி வருது, ஓடைக்கு அந்தப் பக்கம் ஃபேக்டரிக்குப் போயிருவோம், நடைபாலம் இன்னும் நிக்குது என்கிறேன். இப்போது அவர் கண்ணைத் திறந்தார், கோபத்தைவிட அதில் அவமானம் இருந்தது, உனக்கு ஆண்டவர்மேல நம்பிக்கை இல்லையா என்று எல்லார் முன்னாலும் கேட்டார், இருக்கறதுனாலதான் வெளிய வாங்கன்னு கூப்பிடறேன், கண்ணு குடுத்தவர் பாக்கச் சொல்லித்தானே குடுத்தாரு, போன தடவை நான் பேசாம இருந்தேன், இந்தத் தடவை பேசுவேன் என்றேன், போன தடவை எது என்று அங்கே இரண்டே பேருக்குத்தான் தெரியும், அவர் முகம் சுண்டிப்போயிற்று. முதலில் எழுந்தவள் எட்டு மாதக் கர்ப்பிணி தங்கபுஷ்பம், அக்கா, நான் வாரேன் என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு நடந்தாள், அவள் பின்னால் அவள் புருஷன், பிறகு இரண்டு இரண்டு பேராக நடக்க முடிந்த எல்லாரும், ரூபியக்காள் மட்டும் எழவில்லை, எங்கள் கோயிலில் முதல் பாட்டை எடுத்துக் கொடுக்கிறவள், தூணில் கையை வைத்துக்கொண்டு, நீங்க போங்கடி, உபதேசியார் இருக்கிற இடத்துல நான் இருக்கேன் என்று சொல்லிவிட்டுப் பாட ஆரம்பித்துவிட்டாள்.

பாலம் ஆடிற்று, தண்ணீர் பலகையை நக்கிக்கொண்டு போனது, ஒருவர் முந்தானையை ஒருவர் பிடித்துக் கடந்தோம், அக்கரையில் நின்று தலைகளை எண்ணினேன், முப்பத்தெட்டு, திரும்பிப் பார்க்கிறேன், அவர் வருகிறார், கால் விளங்காத பாக்கியமுத்து அண்ணனை முதுகில் சுமந்துகொண்டு, சரிவில் வழுக்கி, எழுந்து, பாலத்தில் ஒவ்வொரு பலகையாகக் காலால் தடவிப் பார்த்து வருகிறார், இக்கரையில் அண்ணனை இறக்கிவிட்டு, ரூபியக்காளைக் கூட்டிட்டு வந்திர்றேன் என்று சொல்லித் திரும்பினார், பாலத்தில் இரண்டு எட்டு வைத்திருப்பார். சத்தம் முதலில் வரவில்லை, செடிகள்தான் நடந்தன, நிரை நிரையாக, நின்றபடியே, பச்சை மாறாமல் இறங்கி வந்தன, கோயில் ஒரு முழம் முன்னால் நகர்ந்து, தலை குனிந்து, பிறகு இல்லை, பாலத்தின் கோயில் பக்கத்து முனை இல்லை, நான் அவர் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்து இருவரும் சேற்றில் விழுந்து கிடக்கிறோம், பாட்டு எப்போது நின்றது என்று எனக்குத் தெரியாது, நிற்கவில்லையோ என்று இப்போதும் சில சமயம் தோன்றுகிறது.

ஃபேக்டரியில் இலை உலர்த்துகிற கூடத்தில் நனைந்த துணியோடு எல்லாரும் உட்கார்ந்திருந்தோம், மதியம் பன்னிரண்டுகூட ஆகியிருக்காது, வெளிச்சம் சாம்பலாய்க் கிடந்தது, யாரும் அழவில்லை, தங்கபுஷ்பத்துக்கு மட்டும் குளிரில் பல் கிட்டிக்கொண்டிருந்தது, உபதேசியாரே, ஜெபம் பண்ணுங்கய்யா என்றார் பாக்கியமுத்து அண்ணன், என் கணவர் எழுந்தார், பிறகு என்னைப் பார்த்து, நீ பண்ணு என்றார். அதுவரை நான் சபையில் வாய்விட்டு ஜெபித்ததில்லை, என்ன வார்த்தை என்றும் தெரியவில்லை, ஆண்டவரே, ரூபியக்காளை உம்ம கையில வாங்கிக்கிடும், எங்களுக்கு இன்னும் பயமாத்தான் இருக்கு, பயத்தோடயே கூட வாரோம், விட்டிராதிரும் என்றேன், அவ்வளவுதான் வந்தது, ஆமென் என்ற சத்தம் தகரக் கூரையில் மழைச் சத்தத்தோடு கலந்தது. மழை இன்னும் பலத்துக்கொண்டுதான் இருந்தது, ஃபேக்டரிக்கு மேலேயும் மலைதான். அவர் ஆணியில் தொங்கிய, மழைக்குப் போடுகிற கொங்காணிச் சாக்கை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டார், எங்க போறீங்க என்று கேட்டேன், பின்னால மண்ணு எப்படி இருக்குன்னு பாத்துட்டு வாரேன், நீயும் வா, உனக்குத்தான் பாக்கத் தெரியுது என்றார், நாங்கள் இருவரும் மழைக்குள் இறங்கினோம்.