ஹதாவின் இன்னொரு பெயர்

ஸ்வீடனில், உப்சாலா நகரத்தில், கெலாவேஜின் வீட்டு அலமாரி முழுக்க பிஸ்கட் டப்பாக்கள்தான். துணிமணிகள் நாற்காலியில் கிடக்கும். டப்பாக்களுக்குள் இரண்டாயிரத்துச் சொச்சம் புகைப்படங்கள். எண்பத்து மூன்றிலிருந்து ஐந்து வருடம் ஈரான் எல்லை மலைகளில் குர்திஷ் போராளியாக, துப்பாக்கியோடு ஒரு பழைய ரஷ்ய கேமராவையும் தோளில் மாட்டிக்கொண்டு அலைந்தபோது அவள் எடுத்தவை. ரொட்டி சுடுகிறவர்கள், பேன் பார்க்கிறவர்கள், துப்பாக்கிக் குழல்மேல் காலுறை காயப்போடுகிறவர்கள். நவ்ரோஸ் புத்தாண்டு விழாச் சுவரொட்டிக்குப் படம் கேட்டு வந்த குர்திஷ் சங்கத்துப் பையன்கள் ஒரு டப்பாவைப் புரட்டிவிட்டு, "என்னக்கா இது, போராட்டம்னு பாத்தா எல்லாரும் துவைச்சுக்கிட்டே இருக்காங்க" என்று சிரித்துவிட்டுப் போனார்கள். அதற்கப்புறம் யாரும் கேட்டு வரவில்லை.

ஆஸ்பத்திரித் துப்புரவு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, மதியம் ஒரு டப்பாவைத் திறந்து பார்ப்பதே அவளுடைய பொழுது. ஒவ்வொரு படத்தின் பின்னாலும் பெயர் எழுதியிருந்தாள். எல்லாம் மலையில் வைத்துக்கொண்ட பெயர்கள். ஒருவர் பிடிபட்டால் மற்றவர் குடும்பம் நாசமாகக் கூடாது என்று சொந்தப் பெயரை யாரும் சொல்வதில்லை, கேட்பதும் இல்லை. அவளே அங்கேதான் கெலாவேஜ் ஆனாள்.

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை ஷிலேர் என்கிற பெண் ஜெர்மனியிலிருந்து ரயிலேறி வந்தாள். முப்பத்தேழு வயதிருக்கும். சங்கத்தில் நம்பர் வாங்கி, தாயின் படம் தேடி வருவதாகப் போனில் சொல்லியிருந்தாள்.

"ஃபரீதான்னு பேரு அத்தை. ஊர் சனந்தஜ். எனக்கு ஒன்றரை வயசுல பெரியம்மாகிட்ட விட்டுட்டு மலைக்குப் போனாங்க. அங்கேயே செத்துட்டாங்க. வீட்டுல சோதனை போட வராங்கன்னு தெரிஞ்சதும் பெரியம்மா ஆல்பத்தை அடுப்புல போட்டுட்டாங்க. எங்கம்மா முகம் எப்படியிருக்கும்னே எனக்குத் தெரியாது."

"ஃபரீதான்னு எங்ககூட யாரும் இல்ல கண்ணு. வேற ஏதாவது அடையாளம் சொல்லு."

"இடது மணிக்கட்டுல தீக்காயம் இருக்குமாம்."

கெலாவேஜுக்கு உடனே மலையில் கூட இருந்த ஹதாவின் கை நினைவுக்கு வந்தது. ஆனால் ஹதாவ் கல்யாணமே ஆகாதவள். சின்ன வயதில் ரொட்டி அடுப்புக்குள் கை விட்டுச் சுட்டுக்கொண்டதாக அவளே சொல்லியிருக்கிறாள். அந்த நினைப்பை ஒதுக்கிவிட்டு முதல் டப்பாவைத் திறந்தாள்.

இரண்டு பேரும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். ஷிலேர் முகங்களைப் பார்க்கவில்லை. கைகளை மட்டும் பார்த்தாள். நாலாவது டப்பாவில் ஒரு படத்தை எடுத்தவள் அதைக் கீழே வைக்கவேயில்லை. சட்டைக் கையை மடித்துவிட்டு மாவு பிசைகிற ஒருத்தி. மணிக்கட்டில் இலை மாதிரி ஒரு தழும்பு.

"இது யாரு அத்தை?"

"ஹதாவ். அவளா இருக்காது கண்ணு. அவளுக்குக் குழந்தையே கிடையாது."

ஷிலேர் படத்தைத் தன் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தாள். மூக்குக்கு மேலே சேர்ந்துபோன அதே புருவம். அதே கீழுதடு. கெலாவேஜ் பார்த்தபடியே இருந்தாள்.

இரண்டு குளிர்காலம் அவளும் ஹதாவும் ஒரே கம்பளிக்குள் படுத்தவர்கள். கட்டிக்கொள்ள நினைத்தவனைப் பற்றி, அம்மாவிடம் சொல்லாமல் ஓடி வந்ததைப் பற்றி, ஒன்று விடாமல் ஹதாவிடம் சொல்லியிருக்கிறாள். எண்பத்தாறு வசந்தத்தில் பீரங்கிக் குண்டு விழுந்து ஹதாவ் போனபோது, குழி வெட்டியதும் கெலாவேஜ்தான். இத்தனை வருஷமும் தனியாக இருக்கும்போதெல்லாம், தன்னை முழுக்கத் தெரிந்த ஒருத்தி, தான் முழுக்கத் தெரிந்துகொண்ட ஒருத்தி இருந்தாள் என்பதே துணையாக இருந்தது.

"ரொட்டி அடுப்புல சுட்டதுன்னு சொன்னாளே" என்றாள் மெல்ல.

"இல்ல அத்தை. என்னை இடுப்புல வெச்சுக்கிட்டு டீ ஊத்துறப்போ வெந்நீர் சமோவார் சாஞ்சிருக்கு. என்மேல படக்கூடாதுன்னு கையைக் குறுக்கே நீட்டியிருக்காங்க. பெரியம்மா பக்கத்துலயே இருந்தாங்களாம்."

படத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு ஷிலேர் கேட்டாள்: "என்னைப் பத்தி எதாவது சொல்லியிருக்காங்களா?"

ஆமாம் என்று சொல்லிவிட எவ்வளவு நேரமாகும்? கெலாவேஜுக்கு நாக்கு வரைக்கும் வந்தது.

"சொல்லல கண்ணு. எங்கிட்டகூடச் சொல்லல." பிறகு, தான் பார்த்ததைச் சொன்னாள். "ஊருக்குள்ள போனா பொம்பளைங்க கைக்குழந்தையைக் கொண்டாந்து எங்ககிட்ட நீட்டுவாங்க. நாங்கெல்லாம் வாங்கிக் கொஞ்சுவோம். அவ மட்டும் வாங்க மாட்டா. துப்பாக்கியைத் தொடைக்கணும்னு வெளிய போயிருவா. கல்லு மனசுக்காரின்னு நாங்க கிண்டல் பண்ணுவோம். நானும் பண்ணியிருக்கேன்."

ஷிலேர் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தாள். அழுதாளா என்று தெரியவில்லை. திரும்பியபோது, "பசிக்குது அத்தை" என்றாள். கெலாவேஜ் எழுந்து சோறும் அவரைக் குழம்பும் சூடுபண்ணி வைத்தாள். ஷிலேர் இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டாள்.

ஹதாவின் படங்கள் பன்னிரண்டு இருந்தன. மாவு பிசைகிற படத்தையும் இன்னும் மூன்றையும் ஷிலேர் எடுத்துக்கொண்டு சாயங்கால ரயிலுக்குப் போனாள். மற்ற எட்டின் பின்னாலும் கெலாவேஜ் பென்சிலால் 'ஃபரீதா, சனந்தஜ், ஷிலேரின் அம்மா' என்று எழுதினாள். கடைசிப் படத்தைத் திருப்பி, "எங்கிட்ட சொல்லியிருக்கலாம்டி" என்று வாய்விட்டே சொன்னாள். கோபம் ஒரு வாரம் இருந்தது. அந்த வாரம் அவள் எந்த டப்பாவையும் திறக்கவில்லை.

மே மாதம் ஷிலேர் போன் செய்தாள். அம்மா எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுப்பாள், குறட்டை விடுவாளா, உப்புத் தூக்கலாகத் தின்பாளா என்றெல்லாம் கேட்டாள். கெலாவேஜ் தெரிந்ததைச் சொன்னாள். வலது பக்கம். குறட்டை உண்டு. கம்பளியை முழுக்க இழுத்துக்கொள்வாள். ஒரு மணி நேரம் பேசினார்கள். அப்புறம் மாதத்துக்கு ஒரு தரம் பேசினாள். இலையுதிர் காலத்தில் அதுவும் நின்றது.

மதியங்களில் கெலாவேஜ் மறுபடி டப்பாக்களைத் திறக்க ஆரம்பித்தாள். தெரிந்த முகங்கள்தான். ஆனால் இப்போது ஒரு படத்தைப் பார்த்து முடிக்க வெகுநேரம் பிடித்தது.